இரண்டாம் வாரத்துப் பசி

கோவிந்தசாமி தியாகராசன், 1959–2025. காரைக்கால் மாவட்டம் குரும்பகரத்தில் பிறந்தார். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் காய்ச்சல் கண்டு காலமானார். முதலில் நூற்பாலைத் தொழிலாளியாகவும், ஆலை மூடப்பட்ட பின் இறைச்சிக்கோழி வளர்ப்பவராகவும் உழைத்தார். மனைவி அஞ்சுகம். ஒரே மகள் வெண்மதி. அவள் கணவனோடும் இரண்டு குழந்தைகளோடும் புதுச்சேரியில் வசிக்கிறாள்.

ஊரில் அவரைப் பற்றி ஒரு கேலி உண்டு. மழையில் நனைந்துகொண்டே போனாலும், குடை விரிக்கச் சொன்ன நேரம் வந்தால்தான் தியாகராசன் விரிப்பார் என்று அடுத்த கொல்லைக்காரர் தங்கையன் சொல்வார். அதில் பொய் அதிகமில்லை. ஆலையில் இருந்த காலத்தில் சங்கு ஊதுவதற்கு முன்பே இயந்திரத்தின் அருகில் போய் நிற்பார்; ஊதிய பிறகே கை வைப்பார். சொன்னதைச் சொன்னபடி செய்வது அவருக்கு இயல்பாகவே அமைந்திருந்தது. அதற்கு மேல் ஒன்று செய்யலாமே என்ற நினைவும், அதில் ஒன்றைக் குறைக்கலாமே என்ற நினைவும் அவருக்கு எழுந்ததேயில்லை.

ஆலை மூடியதும், வயலை ஒட்டிய மேட்டுக் கொல்லையில் ஒரு நீண்ட கொட்டகை போட்டார். கோழி நிறுவனம் ஒன்று குஞ்சுகளையும் தீவனத்தையும் மருந்தையும் கொண்டுவந்து இறக்கும். நாற்பது நாள் அளவில் வளர்த்துக் கொடுத்தால், வண்டி கொண்டுவந்து கோழிகளை ஏற்றிப் போகும். கொட்டகையும் உழைப்பும் அவருடையவை, கோழி நிறுவனத்துடையது. வண்டி போன பின் உமிப் படுக்கையை வாரி, தரையைக் கழுவிச் சுண்ணாம்பு பூசி, இரண்டு வாரம் காலியாக ஆறப்போட வேண்டும். பிறகு அடுத்த தொகுதி வரும்.

அந்தக் கொட்டகையில் ஒவ்வொரு நாளும் முதலில் நுழைபவர் அஞ்சுகம். இறந்து கிடக்கும் கோழிகளைப் பொறுக்கிச் சாக்கில் இட்டுக் குழிக்குக் கொண்டுபோவது அவருடைய வேலை. எந்தப் பண்ணையிலும் சாவு உண்டு. அதை அவர் அறியாதவர் அல்லர். ஆனால் நாலாம் வாரமும் ஐந்தாம் வாரமும், அதுவும் மார்கழி, தை மாதக் குளிரில், ஒரு வகைச் சாவு வரும். தொகுதியிலேயே நன்றாக வளர்ந்த கோழி, தின்றுகொண்டு நிற்கும்போதே இறக்கையை ஒருமுறை பலமாக அடித்து, மல்லாந்து விழுந்து, அப்படியே அடங்கிவிடும். இன்னும் சில, வயிற்றில் நீர் கோத்து மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். நோஞ்சான் பிழைத்துக் கிடக்க, கொழுத்தது செத்துப் போவதை அஞ்சுகத்தால் தாங்க முடியவில்லை.

"நோஞ்சான் செத்தா விதின்னு விட்டுடலாம். நல்லாத் தின்னதுதான் சாவுது. என் கையால தீனியும் போட்டு, என் கையாலயே அள்ளிக் குழியிலயும் போடணுமா?" என்று ஒரு காலையில் கேட்டார்.

2022ஆம் ஆண்டு ஆவணியில் வெண்மதிக்கு இரண்டாம் பிள்ளை பிறந்தது. பேறுகாலம் பார்க்க அஞ்சுகம் புதுச்சேரிக்குப் போனார். மூன்று மாதத்தில் திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, "அந்தச் சாவு நின்னா சொல்லுங்க, வர்றேன்," என்றார்.

வேறொருவர் இதைக் கேட்டிருந்தால், மனைவி கோபத்தில் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, மறுநாளே பேருந்து ஏறிப் போய்ச் சமாதானம் செய்திருப்பார். தியாகராசன் அதை நிபந்தனையாக எடுத்துக்கொண்டார். சாவு நிற்க வேண்டும். நின்றால் அஞ்சுகம் வருவாள். அதற்கான வழியைத் தேடுவதுதான் தன் வேலை என்று நினைத்தார்.

கொட்டகையையும் மாட்டையும் தனியாகப் பார்க்க முடியாமல், வீட்டிலிருந்த பசுக்களை விற்றார். ஒருவருக்குச் சோறு வடிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டார். முதல் சில மாதங்கள் பழைய அளவிலேயே உலை வைத்து, மீந்ததை நாய்க்குப் போட்டார். பேசுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் பேச்சு மறந்துபோகும் என்று சொல்வார்கள். அவருக்கு மறக்கவில்லை. கொட்டகைக்குள் போய்ப் பேசினார். மழை வருமா, மின்சாரம் எப்போது போனது, தங்கையன் வரப்பை எவ்வளவு வெட்டினான் என்று கோழிகளிடம் சொன்னார். அவர் குரல் கேட்டால் தீனி வருகிறது என்று அவை ஓடி வந்து காலடியில் கூடும். தன் குரலுக்கு ஓடிவர உலகத்தில் இத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பது அவருக்கு ஓர் ஆறுதலாக இருந்தது.

நிறுவனத்தின் மேற்பார்வையாளர் சஃபியுல்லா, திருமலைராயன்பட்டினத்துக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. வாரத்தில் இரண்டுமுறை மோட்டார் சைக்கிளில் வந்து தொகுதியைப் பார்த்துப் போவார். 2023ஆம் ஆண்டு மார்கழியில் ஏற்றிய தொகுதியில் சாவு மிக அதிகம். குழியைப் பார்த்துவிட்டு வந்த சஃபியுல்லா, அடுத்த தொகுதியில் ஒரு முறையைச் செய்து பார்க்கலாம் என்றார். நிறுவனம் சில கொட்டகைகளில் அதைச் செய்துபார்க்கச் சொல்லியிருக்கிறதாம். அவர் விளக்கிய விதம் தியாகராசனுக்கு நன்றாகப் பதிந்தது.

இந்தக் கோழியைச் சதைக்காகவே இனம் பிரித்து உருவாக்கியிருக்கிறார்கள். தீனி இருக்கிற வரையில் தின்னும். தின்ற அளவுக்குச் சதை வைக்கும். ஆனால் இதயமும் நுரையீரலும் எலும்பும் அந்த வேகத்தில் வளர்வதில்லை. "மினி வேன் எஞ்சின மாட்டி லாரி பாடி கட்டின மாதிரிண்ணே. மேடு ஏறும்போது மூச்சு நின்னுடுது," என்றார் சஃபியுல்லா. குளிர் காலம்தான் அந்த மேடு. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவும் இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். ஆகவே இரண்டாம் வாரத்தில், தினமும் பகலில் சில மணி நேரம் தீனியை எட்டாமல் செய்துவிட வேண்டும். சதையின் வேகம் சற்றுக் குறையும். அந்த இடைவெளியில் உள்ளுறுப்புகள் நிலைபெறும். மூன்றாம் வாரத்திலிருந்து முழுத் தீனி கொடுத்தால், பின்தங்கிய எடையை அவையே தின்று ஈடுகட்டிக்கொள்ளும். தண்ணீரை மட்டும் ஒருபோதும் நிறுத்தக் கூடாது.

பசியில் கத்தாதா என்று தியாகராசன் கேட்டார்.

"நோன்புன்னு நெனச்சுக்குங்கண்ணே. இதுங்களுக்குத் தண்ணியாவது உண்டு. எங்களுக்கு அதுவும் கெடையாது," என்று சிரித்தார் சஃபியுல்லா. பிறகு குரலைத் தாழ்த்தி, இதைச் சரியாகச் செய்தால் அந்த மல்லாந்து விழும் சாவு பெரும்பாலும் குறைந்துவிடும் என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தியாகராசன் மறக்கவில்லை. அன்று மாலையே புதுச்சேரிக்குப் பேசி, பொங்கலுக்கு வரும்படி அஞ்சுகத்தைக் கேட்டார். சாவு இனிமேல் குறையும் என்று சொன்னார். எப்படிக் குறையும் என்று சொல்லவில்லை. அஞ்சுகம் சற்று யோசித்து, வருவதாகச் சொன்னார்.

புதிய குஞ்சுகள் ஜனவரி முதல் வாரத்தின் முடிவில் வந்து இறங்கின. தியாகராசன் வீட்டுக்கு வெள்ளையடித்தார். குழியைக் கொல்லையின் கோடிக்கு மாற்றி, மேலே பலகை போட்டு மூடினார். போகியன்று பேருந்து நிறுத்தத்திற்குப் போய் நின்றார். அஞ்சுகம் ஒரு பெரிய பெட்டியோடு இறங்கினார். இரண்டு நாள் பண்டிகைக்கு வருகிறவர் கொண்டுவரும் பெட்டி அல்ல அது. தியாகராசன் தூக்கியபோது தோள் சரிந்தது. அவருக்கு மனத்துக்குள் ஏதோ நிறைந்தது, ஆனால் "இருக்கப் போறியா?" என்று கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடக் கூடும். கேட்காமல் இருந்தால் பெட்டி வீட்டில் இருக்கும்.

பொங்கல் நாள் நல்லபடி கழிந்தது. அஞ்சுகம் அடுப்படியைத் திரும்பவும் தன் ஒழுங்குக்கு மாற்றினார். எண்ணெய்த் தூக்கு இருந்த இடத்தைப் பார்த்து, "இத யாரு இங்க வெச்சா, ஆம்பள புத்தி," என்று முணுமுணுத்தார். தியாகராசன் அதைக் கேட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்றரை ஆண்டாக அந்த வீட்டில் அவரை யாரும் குறை சொன்னதில்லை. கொட்டகைக்குள் அஞ்சுகம் அன்று போகவில்லை, அவரும் அழைக்கவில்லை.

அன்று காலைதான் இரண்டாம் வாரத்து முறை தொடங்கியது. முதல் வாரம் தட்டுகளில் உண்ட குஞ்சுகள் அப்போது தொங்கும் தீனிக் கலன்களுக்கு மாறியிருந்தன. கலன்களெல்லாம் வரிசைக்கு ஒரு கயிற்றில் கோக்கப்பட்டிருக்கும். கயிற்றை இழுத்துத் தூணில் கட்டினால், வரிசை முழுதும் குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்திற்கு எழும். காலை வெயில் ஏறியதும் உயர்த்த வேண்டும்; நிழல் சாயும்போது இறக்க வேண்டும். முதலில் குஞ்சுகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன, பிறகு கத்தின. அவர் உள்ளே இருந்தால் தீனி வருகிறது என்று எண்ணி அவர் காலடியில் நெருக்கியடித்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுத் திணறிவிடும் என்பதால், அந்த நேரத்தில் கொட்டகைக்குள் போகக் கூடாது, வெளியே நின்று பேசவும் கூடாது என்று சஃபியுல்லா சொல்லியிருந்தார். தியாகராசன் பம்புசெட் மேடையில் போய் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் கத்தல் அடங்கியது. அவை உமியில் படுத்துவிட்டன.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, மாட்டுப் பொங்கல். அவர்கள் வீட்டில் அன்றைக்கு ஒரு முறை உண்டு. வீட்டைச் சேர்ந்த எந்த உயிரின் தொட்டியும் அன்று பொழுது சாயும்வரை வெறுமையாக இருக்கக் கூடாது. அவை உண்ட பிறகுதான் மனிதருக்கு இலை விரியும். மாடு இருந்த காலத்தில் மாட்டுக்கு, நாய் இருந்தால் நாய்க்கு, கொல்லையில் திரியும் பூனைக்கும்கூட. அஞ்சுகம் மருமகளாக வந்த ஆண்டிலிருந்து தவறாமல் செய்துவந்தது அது. மாடு விற்றுப் போயிருந்ததால், முதலில் தங்கையன் வீட்டு மாட்டுக்குப் போய் வாழையிலையில் பொங்கலும் பழமும் ஊட்டிவிட்டு வந்தார். நாய்க்கு வைத்தார். காக்கைக்கு வைத்தார். பிறகு இன்னோர் இலையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். பம்புசெட் மேடையில் இருந்த தியாகராசன் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வருவதற்குள், அவர் கதவைத் திறந்து உள்ளே போயிருந்தார்.

குஞ்சுகள் எழுந்து ஓடிவந்து அவர் காலைச் சூழ்ந்துகொண்டன. அஞ்சுகம் அசையாமல் நின்றார். தலைக்கு மேலே சிவப்புக் கலன்கள் வரிசை வரிசையாகத் தொங்கின.

"ஏங்க, இதுங்களுக்கு இன்னும் தீனி வைக்கலியா?"

"வைக்கற நேரம் வரல."

"கலன்ல தீனி இருக்கே. எட்டாத ஒசரத்துல கட்டியில்ல வெச்சிருக்கீங்க."

தியாகராசன் விளக்கினார். சதையைச் சொன்னார்; இதயத்தைச் சொன்னார்; குளிரைச் சொன்னார்; பின்னால் தின்று ஈடுகட்டிக்கொள்ளும் என்பதையும் சொன்னார். எதையும் விடாமல், சஃபியுல்லா சொன்ன வரிசையிலேயே சொன்னார். அஞ்சுகம் குறுக்கிடாமல் கேட்டார். இலையைப் பிடித்திருந்த கை மட்டும் சற்றுத் தாழ்ந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கும். நாளைலேருந்து கட்டுங்க. இன்னிக்கு எறக்குங்க."

"நடுவுல விடக் கூடாது, அஞ்சுகம். முறைன்னா முறைதான்."

"நம்ம வீட்டு முறை?"

"இது நம்ம கோழி இல்லியே. கம்பெனி கோழி," என்றார்.

"நம்ம கூரைக்குக் கீழ நின்னு பசிக்குது. அதுவும் கம்பெனிப் பசியா?"

அஞ்சுகம் கோபித்துக்கொண்டிருந்தால் தியாகராசனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கயிறு கட்டியிருந்த தூண் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதை நினைக்காமல் இல்லை. இன்று ஒரு நாள் அவிழ்த்து, அதனால் சாவு குறையாமல் போனால், இவள் எதற்குத் திரும்பி வருவாள் என்று நினைத்தார். அவள் வந்து எதிரில் நின்றுகொண்டிருந்தாள் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

அஞ்சுகம் காலைத் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து, ஒரு குஞ்சும் மிதிபடாதபடி வெளியே வந்தார். இலையைக் கொட்டகைச் சுவரின் மேல் வைத்தார். நடுப்பகலில் கணவனுக்கு இலை போட்டுப் பரிமாறினார். தியாகராசன் நேரத்துக்குச் சாப்பிடுகிறவர்; சாப்பிட்டார். அஞ்சுகம் சாப்பிடவில்லை. நிழல் சாய்ந்து, கயிறுகள் அவிழ்ந்து, கலன்கள் இறங்கும் ஓசையும் குஞ்சுகளின் அலகு ஓசையும் வீடுவரை கேட்ட பிறகு, அடுப்படியில் நின்றபடியே இரண்டு கவளம் உண்டார்.

மறுநாள் காணும் பொங்கல். சின்னப் பிள்ளைக்கு இருமல் என்று வெண்மதி பேசியதாகச் சொல்லி அஞ்சுகம் புறப்பட்டார். தொலைபேசி ஒலித்ததைத் தியாகராசன் கேட்கவில்லை. பெட்டி வந்தபடியே பூட்டியிருந்தது. அவர்தான் அதைப் பேருந்து நிறுத்தத்திற்குத் தூக்கிக்கொண்டு போனார். இன்னும் இரண்டு நாள் இருக்கலாமே என்று கேட்டதற்கு, பிள்ளைக்கு இருமல் என்று அஞ்சுகம் திரும்பவும் சொன்னார். பேருந்து கோட்டுச்சேரிச் சாலையில் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு வந்து, வெயில் ஏறியிருந்ததால் கலன்களை உயர்த்திக் கட்டினார்.

சஃபியுல்லா சொன்னதில் ஒன்றும் பொய்க்கவில்லை. இரண்டாம் வார முடிவில் குஞ்சுகள் எடையில் பின்தங்கியே இருந்தன. மூன்றாம் வாரத்தில் முழுத் தீனி இறங்கியதும், கலனைவிட்டு நகராமல் தின்றன. ஏற்றும் நாளில் வழக்கமான எடைக்கு மிக அருகில் வந்துவிட்டன. தின்ற தீனிக்கு வைத்த சதையும் முந்தைய தொகுதியைவிட மேலாகவே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழிக்குப் போகும் சாக்கு இலேசாக இருந்தது. அந்தக் குளிரிலும் மல்லாந்து விழுந்தவை மிகச் சில.

வண்டி போன அன்றே புதுச்சேரிக்குப் பேசினார். "இந்தத் தடவ மல்லாக்க விழுந்தது ஆறோ ஏழோதான்," என்றார். அஞ்சுகம் "நல்லதுங்க," என்றார். தியாகராசன் காத்திருந்தார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினீர்களா என்று அஞ்சுகம் கேட்டார், கழுவியதாகச் சொன்னார். பேச்சு அத்தோடு முடிந்தது.

சாவு குறைந்ததே தவிர நிற்கவில்லை, அதனால்தான் வருவதாகச் சொல்லவில்லை என்று அவர் முடிவு செய்தார். அதன்பின் வந்த ஒவ்வொரு தொகுதியிலும் அந்தச் சிலவற்றையும் இல்லாமல் செய்ய முயன்றார். ஒவ்வொரு தொகுதி முடிவிலும் பேசி, எத்தனை விழுந்தன என்று சொன்னார். தொலைபேசியில் அவர் வேறொன்றும் பேசுவதில்லை. இரண்டாம் வாரத்துப் பகல்களில் பம்புசெட் மேடையில் உட்கார்ந்திருப்பார். கோழியிடமும் பேசக் கூடாத அந்த நேரம்தான் அவருக்கு எல்லாவற்றிலும் நீளமாக இருந்தது. தங்கையன் அந்தப் பக்கம் வந்தால் இரண்டு வார்த்தை பேசுவார். வராத நாளில் வயலில் நிற்கும் கொக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பகல் முழுதும் தன் குரலைத் தானே கேட்கவில்லை என்று மாலையில் நினைவு வரும். கயிற்றை அவிழ்க்கும்போது, தேவைக்கு மேலேயே உரக்கப் பேசிக்கொண்டு உள்ளே போவார்.

அந்த ஆண்டு ஐப்பசித் தொகுதியில் ஒரு தவறு செய்தார். ஒரு வாரம் கட்டியதில் சாவு இவ்வளவு குறைந்தால், இன்னொரு வாரம் கட்டினால் அறவே நின்றுவிடும் என்று எண்ணி, யாரையும் கேட்காமல் மூன்றாம் வாரத்திலும் பகல் முழுதும் உயர்த்திக் கட்டினார். சொன்னதற்கு மேல் அவர் செய்த ஒரே செயல் அதுவாகத்தான் இருக்கும். சாவு அநேகமாக நின்றது. ஆனால் ஏற்றும் நாளில் கோழிகள் எலும்பும் தோலுமாக இல்லாவிட்டாலும், வண்டிக்காரன் முகத்தைச் சுளிக்கும் அளவில்தான் இருந்தன. சஃபியுல்லாவுக்கு வருத்தம்.

"கொஞ்ச நாள் கொறச்சா அப்பறம் தின்னு புடிச்சிடும்ணே. ரொம்ப நாள் கொறச்சிட்டா, பின்னால மூட்டை மூட்டையாக் கொட்டினாலும் வண்டி ஏத்தற நாளுக்குள்ள வந்து சேராது. அதுக்கும் ஒரு காலம் இருக்குல்ல," என்றார். தியாகராசன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அந்த முறை புதுச்சேரிக்குப் பேசியபோது, ஒன்றோ இரண்டோதான் விழுந்தன என்று சொன்னார். "அப்படியா," என்றார் அஞ்சுகம். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது, வைத்துவிடுகிறேன் என்றார்.

அடுத்த தைக்கும் குஞ்சுகள் அதே கணக்கில் வந்தன. இரண்டாம் வாரத்தின் தொடக்கத்தில் மாட்டுப் பொங்கல். அஞ்சுகம் வரவில்லை. சின்னவனை மழலையர் பள்ளியில் சேர்க்கும் வேலை இருக்கிறது என்று வெண்மதி சொன்னாள். பொங்கலுக்கு முன் சஃபியுல்லா வந்திருந்தபோது, தியாகராசன் வெகு நேரம் தயங்கிவிட்டு, ஒரு நாள் மட்டும் கலன்களை உயர்த்தாமல் விட்டால் முறை கெட்டுப்போகுமா என்று கேட்டார்.

"ஒரு நாளா? ஒண்ணும் ஆகாதுண்ணே. அடுத்தாப்ல ஒரு நாள் சேத்துக் கட்டினாப் போச்சு. பொங்கலுக்கா? தாராளமா எறக்குங்க. இதுக்கெல்லாமா என்னக் கேக்கணும்?"

"போன வருசமும் எறக்கியிருக்கலாமா?"

"போன வருசம் என்ன, எந்த வருசமும்தான்," என்று சொல்லிவிட்டு, சஃபியுல்லா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வண்டியை உதைக்காமல், சற்று நேரம் அதன் மேல் சும்மா உட்கார்ந்திருந்தார். தேநீர் போடட்டுமா என்று தியாகராசன் கேட்டார். போடுங்கண்ணே, குடிச்சிட்டே போறேன் என்றார், இன்னும் மூன்று கொட்டகை பார்க்க வேண்டியிருந்தும்.

அந்த மாட்டுப் பொங்கலன்று கலன்கள் காலையிலிருந்து இறங்கியே இருந்தன. குஞ்சுகள் பகல் முழுதும் தின்றன. தியாகராசன் உள்ளேயே நின்றிருந்தார். அதைப் பார்க்க வேறு யாரும் இல்லை.

மாசியில் தொகுதி ஏறியதும், கொட்டகையைத் தங்கையனிடம் ஒப்படைத்துவிட்டுப் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினார். மாடிப் படி ஏறி அவர் போனபோது, வெண்மதியும் அவள் கணவனும் வேலைக்குப் போயிருந்தார்கள். அஞ்சுகம் கொடியிலிருந்து குழந்தைகளின் துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். சாப்பாடு போட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து உட்கார்ந்த தியாகராசன், இந்த முறை எத்தனை விழுந்தன என்று சொல்லவில்லை.

"அன்னிக்கு ஒரு நாள் எறக்கியிருக்கலாமாம். சஃபியுல்லா சொன்னார்," என்றார்.

எந்த நாள் என்று அஞ்சுகம் கேட்கவில்லை. கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தார். "அத அவருதான் சொல்லணுமா?" என்றார்.

"நீ சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. எறக்குங்கன்னு சொன்னேன்."

அது உண்மைதான். கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். தியாகராசன், மணவாழ்க்கையில் முதல் முறையாக, கேட்க நினைத்ததைக் கேட்டார்: "இப்ப வர்றியா?"

அஞ்சுகத்தின் குரலில் கோபம் இல்லை. "அப்ப பெட்டியோட வந்தேன். நீங்கதானே தூக்கினீங்க, கனம் தெரியலியா? இப்ப இந்தப் பெரிய பொண்ணு என் கையால சாப்பிட்டாத்தான் ஸ்கூலுக்குக் கெளம்புது. சின்னவனுக்கும் எடம் கெடச்சிட்டு, கொண்டு விட்டுக் கூட்டியாரது நான்தான். வெண்மதிக்கு வேல பெரிசாயிட்டு. விட்டுட்டு எப்படி வர்றது?" சற்றுப் பொறுத்து, "நீங்க வாங்க. வந்துட்டுப் போங்க," என்றார்.

தியாகராசன் சரி என்றார். அன்றிரவு தங்கினார். காலையில் சின்னவனைப் புதிய பள்ளியின் வாசல்வரை அஞ்சுகத்தோடு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, பேருந்து ஏறினார்.

அவர் சொன்ன சொல் தவறாதவர். கொட்டகையை விட்டுவிட்டு அங்கேயே போய்விடலாமே என்று தங்கையன் கேட்டபோது, அந்த வீட்டில் இன்னொருவருக்குப் படுக்க இடம் இல்லை என்றார். அஞ்சுகம் அப்படி அழைக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. தொகுதி ஏறிக் கொட்டகை ஆறும் இரண்டு வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக்கால் பேருந்து நிலையத்திற்குப் போவார். மதியம் அங்கே போய்ச் சேருவார்; திங்கள் காலையில் திரும்புவார். அங்கே இருக்கும் நேரத்தில் அதிகம் பேசமாட்டாராம். அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அஞ்சுகம் ஏதாவது குறை சொல்லிக்கொண்டே வேலை செய்வாராம், அவர் கேட்டுக்கொண்டிருப்பாராம். மாசியில் ஒன்று, சித்திரையில் ஒன்று, ஆனியில் ஒன்று, பிறகு ஆவணியில் ஒன்று. மீதி நாள்களில் குரும்பகரத்து வீட்டில் ஒருவருக்கு உலை வைத்தார்.

ஆவணித் தொகுதி ஏறிய பின் அவருக்கு உடம்பு சற்றுத் தளர்ந்திருந்தது. ஒரு வாரம் தள்ளிப் போகலாமே என்று தங்கையன் சொல்லிப் பார்த்தார். கொட்டகை ஆறுகிற காலம் போய்விடும் என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் புறப்பட்டார். அவர் கடைசியாகப் புதுச்சேரிப் பேருந்தில் ஏறியது 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 24ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை.